யு.பி.எஸ். கத்தியபோது

போன ஐப்பசி மாதம், குலசேகரம் பக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எட்டாவது படிக்கும் என் மகளுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். எங்கள் பக்கம் கொஞ்சம் பலமாகக் காற்றடித்தால் போதும், ரப்பர் கிளை ஒடிந்து கம்பியில் விழும், கரண்டு போய்விடும். அவள் எழுதிக்கொண்டிருப்பதும் அதோடு போய்விடும். அதனால்தான் பேட்டரி உள்ள யு.பி.எஸ். வாங்கலாம் என்று கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து பொறுமையாக விளக்கினார். பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று எனக்குக் கூச்சம். அவர் சொல்லச் சொல்ல, "அதெல்லாம் தெரியும், தெரியும்" என்று தலையாட்டினேன். பாதி காதில் ஏறவே இல்லை.

வீட்டில் பேட்டரி ஒயரை மாட்டி, ஒரு பகல் முழுக்க சார்ஜ் ஏற்றி, கம்ப்யூட்டரை அதில் சொருகினேன். ஓடியது! என் மனைவி எட்டிப் பார்த்து, "எஞ்சினீயருக்கு ஒரு சாயா போடட்டா?" என்றாள். போடு என்றேன், பெருமையாக.

அடுத்த வாரம் விடாத மழை. பால் வெட்டு இல்லாததால் வீட்டிலிருந்தேன். மகள் ஓர் அறிவியல் போட்டிக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டும் சிரட்டையில் மழைத்தண்ணீர் தேங்கும் அல்லவா, அதில் வந்து உட்காரும் குட்டித் தவளைகளைப் பற்றி. இரண்டு மாதமாகக் குடையும் நோட்டுமாகத் தோட்டத்தில் அலைந்து பார்த்து எழுதியது. மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். நாலரை மணிக்கு எழுந்து முகம் கழுவப் போனாள். அந்நேரம் பார்த்துக் கரண்டு போனது.

விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை! கைதட்டப் போனேன். அதற்குள் அந்த யு.பி.எஸ். பெட்டி 'கீ... கீ...' என்று கத்த ஆரம்பித்துவிட்டது. வெடிக்கப் போகிறதோ? கடைக்காரர் இதைப் பற்றி என்னவோ சொன்னாரே! ஓடிப்போய் அதன் முன்னால் இருந்த பொத்தானை அமுக்கினேன். சத்தம் நின்றது. திரையும் அணைந்தது.

மகள் முகத்தில் தண்ணீர் சொட்ட ஓடி வந்தாள். "யப்பா, என்ன காரியம் செய்திய!"

"வெடிச்சிரும்னு நெனச்சேன் மக்ளே."

"கரண்டு போச்சு, வெரசா முடின்னு சொல்லத்தான்பா அது கத்துது!"

கடைசி இரண்டு பக்கத்தை அவள் சேமித்து வைக்கவில்லை. அது போனது போனதுதான்.

"ஏட்டி, மொதல்ல எஞ்சினீயருக்க கையப் பிடிச்சுக் கயித்தால கெட்டு" என்றாள் மனைவி, மகளிடம். அழப் போன பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் அந்தப் பொத்தானை மறுபடி அமுக்கினாள். பெட்டி கத்திக்கொண்டே விழித்தது. "பேட்டரி இன்னும் கால் மணிக்கூறு தாங்கும். நீங்க நோட்டப் பாத்து வாசிங்க, நான் அடிக்கேன்" என்றாள். நான் வாசித்தேன். "பச்சைத் தவளை, மூன்று, சிரட்டையின் விளிம்பில்..." ஞாயிற்றுக்கிழமை சபையில் வசனம் வாசிக்கும்போதுகூட எனக்குக் குரல் இப்படி நடுங்கியதில்லை. போகப் போகக் கீ சத்தம் நெருக்கமானது; பேட்டரி தீரப் போகிறது என்றாள் மகள். இப்போது எனக்கு வேறு பயம். ஐயோ, அது நின்றுவிடக் கூடாதே!

என் போனிலிருந்து நெட்டை எடுத்து அனுப்பினாள். "போயாச்சுப்பா!" என்று துள்ளினாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி ஓய்ந்தது. மங்கிய வெளிச்சத்தில் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பரிசு வேறு யாருக்கோ போனது. ஆனால் அவள் டீச்சர் அந்தக் கட்டுரையை வகுப்பில் வாசிக்கச் சொன்னாராம்.

போன மாதம் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் புது மிஷின் வந்தது. விளக்கிக் காட்டினார்கள். எல்லாரும் தலையாட்டினோம். பிறகு நான் கையைத் தூக்கி, "எனக்கு வெளங்கல்ல, மொதல்லேருந்து ஒருக்கா சொல்லுங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் என் தோளைத் தட்டி, "நல்லவேள கேட்டீரு, எனக்கும் ஒண்ணும் வெளங்கல்ல" என்றார்.

பிள்ளைகளே, 'எனக்குத் தெரியாது' என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு நாற்பத்திரண்டு வயது ஆகவேண்டியிருந்தது; நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.