தரையை அறைந்த கை

கோபம் வந்தால் பிலிஸ்தாவுக்கு நாக்கு முந்திக்கொள்ளும். அன்று கையும் முந்திக்கொண்டது. அவள் குடம் குடமாக நீரூற்றி வளர்த்த அத்திக்கன்றைக் கொழுந்தன் தாமோனின் ஆடு மொட்டையாக்கியிருந்தது. முற்றத்தில் மண்டியிட்டு இரண்டு உள்ளங்கையாலும் தரையை ஓங்கி அறைந்தாள்.

“கீழ கிடக்கிற டைட்டன்களே, கேட்டுக்கோங்க! தாமோன் படகு கரை சேரக் கூடாது!”

தெய்வங்களின் அரசர் சீயஸைக் கூப்பிட்டிருந்தால் தொல்லையில்லை. பலிபீடத்தில் கொழுப்பைப் புகைத்துச் சமாதானம் சொல்லலாம். டைட்டன்கள் அவருக்கும் முந்திய தெய்வங்கள். அவரிடம் தோற்றுப் பாதாளத்தில் அடைபட்டவர்கள். எங்கள் ஊரான சிக்கியோனில் அவர்களுக்குப் பீடமும் இல்லை, பூசாரியும் இல்லை. சொன்னதைத் திரும்பப் பெற எந்த வாசலில் போய் நிற்பது?

மறுநாள் காலை தண்ணீர் எடுத்துத் திரும்பியவளிடம் பக்கத்து வீட்டு மிர்த்தோ சொன்னாள்: “துடுப்புக்கு ஆள் குறையுதாம். உன் வீட்டுக்காரர் லூகோனும் தம்பி படகுலயே ஏறிப் போயிட்டாரு.”

பிலிஸ்தா குடத்தை இறக்கவே மறந்தாள்.

நண்பகலில் வடகாற்று எழுந்தது. வளைகுடா நுரைத்து வெளுத்தது.

“யாருதான் தரையை அறையல? உன் பேச்சையா கேட்கப் போறாங்க?” என்றாள், பிலிஸ்தா சொன்னதைக் கேட்ட மிர்த்தோ.

“அடைபட்டுக் கிடக்கிறவங்களுக்கு வேற என்னக்கா வேலை? கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க.”

மிர்த்தோ சொன்னபடி, அறைந்த இடத்தில் பிலிஸ்தா தேன் கலந்த நீரை ஊற்றினாள். மண் சட்டென்று உறிஞ்சிக்கொண்டது. அதுவே அவளை மேலும் கலக்கியது. மன்னிப்பென்று குடித்தார்களா, முடிக்கப்போகும் வேலைக்குக் கூலியென்று குடித்தார்களா?

பொழுது சாயும் வேளையில் பாய்மரம் முறிந்த படகு கரை தட்டியது. இருவரும் உயிரோடு இறங்கினார்கள். பிலிஸ்தா கணவனைத் தாண்டி, நேரே கொழுந்தனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

தாமோன் வாய்விட்டுச் சிரித்தான். “அத்திக்கன்னுக்கே டைட்டனா அண்ணி? திராட்சைக் கொடியை மேஞ்சிருந்தா யாரைக் கூப்பிட்டிருப்பீங்க?”

கரையில் நின்றவர்களும் சிரித்தார்கள். லூகோன் மட்டும் சிரிக்கவில்லை. தாமோனின் சிரிப்பும் பாதியில் நின்றது.

“ஆமா அண்ணி, எந்த நாள் கரை சேரக் கூடாதுன்னு சொன்னீங்க?”

“நாள் சொல்லலையே” என்றாள் பிலிஸ்தா.

மறுநாள் காற்றே இல்லை. கடல் எண்ணெய் போலக் கிடந்தது. மற்றவர்கள் படகை இறக்கினார்கள். தாமோனின் படகு மணலில் கவிழ்த்து வைத்தபடியே கிடந்தது. சகோதரர்கள் இருவரும் அதன்மேல் உட்கார்ந்து புதுப் பாய்மரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். மிக மெதுவாகச் செதுக்கினார்கள்.