ஓ நெகட்டிவ் லூர்து

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கூடத்து மின்விசிறிக்குக் கெப்பாசிட்டர் மாற்றியது. நான் ஏணிமேல் நின்றேன். அவர் கீழே பிடித்திருந்தார். ஏணி ஆடியது.

“ஒழுங்கா புடிங்கப்பா.”

“ஏணிய நான் எங்க புடிச்சேன் ஷேரன்? அதுதான் என்னைப் புடிச்சிருக்கு லா.”

சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை.

அப்பாவின் பெயர் லூர்துநாதன். ஆயர் ஈத்தாமில் வீடு. பிறை என்ற ஊரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பல ஆண்டுகளுக்கு முன், வழக்கம்போல் தேவாலய முகாமில் இரத்தம் கொடுத்தார். பிறகு இரத்த வங்கியிலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். எச்.ஐ.வி. என்னிடம் மட்டும் சொன்னார்.

தினமும் மாத்திரை சாப்பிட்டார். இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது. வேலை செய்யத் தடையே இல்லை என்றார் டாக்டர். “அது டாக்டருக்குத் தெரியும். கிடங்குக்குத் தெரியாது,” என்றார் அப்பா.

அவருடைய இரத்த வகை இங்கே அபூர்வம். கிடங்கில் அவரை அழைப்பதே ‘ஓ நெகட்டிவ் லூர்து’ என்றுதான். யார் வீட்டில் அவசரம் என்றாலும் அவரைத் தேடுவார்கள். ஏதாவது சொல்லித் தப்பித்து வந்தார்.

போன ஆண்டுத் தொடக்கத்தில், உடன் வேலை செய்த ஷஃபீக் ஓடி வந்திருக்கிறார். நடந்ததை ஷஃபீக்கே பின்னால் என்னிடம் சொன்னார்.

“அண்ணே, ஹுஸ்னாவுக்குப் பிள்ள பொறந்து ரத்தம் நிக்கல. உங்க குரூப்புதான் கேக்கறாங்க. வாங்க, கார்ல போயிடலாம்.”

“எடுக்க மாட்டாங்க தம்பி. பிரஷர் மாத்திர சாப்பிடறேன்.”

“எங்க வாப்பாவும்தான் சாப்பிடறாரு. போன மாசம் குடுத்தாரே!”

அப்பா ஃபோர்க்லிஃப்டில் ஏறிக் கிளப்பினாராம். லாரிக்காரர்கள்கூடப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

வேறு இடத்திலிருந்து இரத்தம் கிடைத்தது. ஷஃபீக்கின் மனைவி பிழைத்தார். ஆனால் கிடங்கில் பேச்சு ஓயவில்லை. “அண்ணே ரத்தத்த ஃபிக்ஸட்ல போட்டுட்டாரு லா” என்று கேலியாகத் தொடங்கியது. “உள்ளுக்கு என்னமோ இருக்கு” என்பதில் வந்து நின்றது. அவருடைய தேநீர்க் கிளாஸை யாரோ தனியாக எடுத்து வைத்தார்கள்.

சூப்பர்வைசர் தயாளன் கூப்பிட்டார். “நீங்க லீவு, டாக்டர்கிட்ட எம்சி லெட்டருன்னு போனா, அண்ணே, ஃபுல் செக்கப் பண்ணுன்னு மேல சொல்லிடுவாங்க. அப்புறம் என் கையில இல்ல.”

அதன்பின் அப்பா விடுப்பே எடுக்கவில்லை. மருந்து தரும் கவுண்டர் வேலை நேரத்தில் மட்டுமே திறந்திருக்கும். மாத்திரை தீர்ந்தது. மருத்துவமனை அழைப்புகளை அவர் எடுக்கவில்லை. நான் கேட்டபோதெல்லாம், “வாங்கியாச்சு,” என்றார். உடல் மெலிந்தது. ஒருநாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போகவில்லை.

மின்விசிறியைச் சரிசெய்த அதே வாரம், வெள்ளிக்கிழமை, கிடங்கில் வண்டியிலேயே சரிந்தார். நுரையீரலில் கடுமையான தொற்று. கடைசியாக எப்போது மாத்திரை சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார்.

“போன வருஷம் மார்ச்சு.”

டாக்டர் போன பிறகு அப்பா என் கையைப் பிடித்தார். “எம்சி லெட்டர்ல வார்டு பேரு போட வேணான்னு சொல்லு. செவ்வாக்கிழம போயி மாத்திர எடுத்துடலான்னு லீவு கேட்டிருக்கேன். தயாளன் இன்னும் சொல்லல.”

ஞாயிறு காலை இறந்தார்.

அவருடைய தொலைபேசியைத் திங்களன்றுதான் திறந்தேன். “செவ்வாய் லீவு ஓகே அண்ணே” என்று தயாளன் அனுப்பியிருந்தார்.

செவ்வாய் காலை கல்லறைத் தோட்டத்தில் இருந்தோம். மருந்து கவுண்டருக்கு யாரும் போகவில்லை.