மைக்செட் பெலிக்ஸின் வயிறு

இலஞ்சியில் யாரிடம் கேட்டாலும் 'மைக்செட் பெலிக்ஸா?' என்று திருப்பிக் கேட்பார்கள். இருபது வருடம் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் சர்ச் அசன விருந்திலும் ஸ்பீக்கர் கட்டியவர். அந்த இரைச்சலுக்கு நடுவே அவர் வயிறு என்ன பேசியதென்று யாருக்கும் தெரியாது. நெஞ்செரிச்சல் மட்டும் அவருக்குத் தெரியும்.

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால் சினிமாக்காரர்கள் வந்துவிடுவார்கள். மூன்று வருடமாக அவர்களுக்கு மைக் கம்பு பிடிக்கிறார். நடிப்பவரின் தலைக்கு மேலே கம்பை நீட்டிக்கொண்டு, அசையாமல், மூச்சுகூடக் கேட்காமல் நிற்க வேண்டும். வீட்டில் ஒரு இடத்தில் உட்காராத மனிதருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்.

இந்த ஆனியில் எரிச்சல் பொறுக்காமல் தென்காசியில் டாக்டர் சஃப்ரினிடம் போனார். மாத்திரை போட்டுப் பத்தே நாளில் எரிச்சல் அடங்கியது. அடங்கிய கையோடு வயிறு உறும ஆரம்பித்தது. மறுபடி ஓடினார்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி," என்றார் டாக்டர். "சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல, ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒருக்கா, இரைப்பையும் குடலும் மிச்சம் மீதியத் தள்ளிப் பெருக்கும். அமிலம் கூடுதலா குடல்ல எறங்குனா, சிலருக்கு அந்தப் பெருக்கல் இரைப்பையில ஆரம்பிக்காது. இப்ப அமிலம் கொறைஞ்சிட்டு. அதான் வேல நடக்குது. நல்லதுதான்."

"எனக்குப் பொழப்பு போயிரும்மா. சத்தத்த நிறுத்தணும்."

"கொஞ்சம் சாப்பிட்டா நிக்கும். அதுக்காக நாள் முழுக்கக் கொறிச்சா, பெறவு குடல் எப்பப் பெருக்கும்?"

பெலிக்ஸ் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். பையில் பிஸ்கட் பாக்கெட்டோடு திரிந்தார்.

ஒருநாள் படப்பிடிப்பில், பகல் பன்னிரண்டு மணிக்கு, அவசரத்தில் பிஸ்கட் தின்ன மறந்துவிட்டார். காட்சியில் சுரண்டையிலிருந்து வந்த மீனாவுக்கு ஒரே ஒரு வசனம். கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வந்தவளுக்கு வசனம் கிடைத்ததைத் தெருவே அறியும். வாயெடுக்கப் போனாள், குர்ர்ர் என்றது. மூன்று தடவையும் அப்படியே. ஒலிப்பதிவாளர் ஜெனோ ஹெட்போனைக் கழற்றி மீனாவைப் பார்த்தான்.

"அக்கா, சாப்பிடாம வந்தியளா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இயக்குநர் வேறு பெண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டார். மீனா பையை எடுத்துக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸுக்கு நடந்தாள். பெலிக்ஸின் கை தானாகப் பைக்குள் போயிற்று. இரண்டு பிஸ்கட்டை வாயில் திணித்துக்கொண்டார். வெட்கங்கெட்ட வேலைதான்.

அதற்குப் பிறகு இருப்புக்கொள்ளவில்லை. வரப்பில் போனார், வந்தார், ஒயரைச் சுருட்டினார், பிரித்தார். அரை மணி நேரம் கழித்து ஜெனோவிடம் போய் நின்றார்.

"தம்பி, அது என் வயிறு."

"இரக்கப்பட்டுப் பழியத் தூக்கி ஒங்க தலையில போடாதீங்க அண்ணாச்சி."

"மைக்க வச்சிப் பாரும்."

வைத்தான். தின்ற பிஸ்கட் வேலையைக் காட்டியது. இத்தனை நாள் மானத்தை வாங்கிய வயிறு, வேண்டும் என்கிற நேரத்தில் கம்மென்று கிடந்தது. ஜெனோ சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். ஒன்றே காலுக்கு எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

பெலிக்ஸ் போகவில்லை. ஒரு வாய் உள்ளே போனால் அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். வேனிலிருந்து பிரியாணி வாசனை வந்தது. குற்றாலத்துச் சாரல் காற்றில் பூக்களெல்லாம் ஆடின. வாட்சைப் பார்த்தார். ஒன்று இருபது. ஒன்று முப்பத்தைந்து. வயிற்றைத் தட்டிப் பார்த்தார். 'பேசுலே, இப்பப் பேசு' என்று வாய்விட்டே கெஞ்சினார். அந்தப் பெண்ணின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஒன்று நாற்பத்தைந்துக்கு மெல்ல ஒரு புரட்டல். பெலிக்ஸ் ஓடிப்போய் ஹெட்போனை எடுத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெனோவின் காதில் மாட்டி, மைக்கைத் தன் சட்டைமேல் வைத்தார்.

குர்ர்ர்ர்.

ஜெனோவின் கை இலையிலேயே நின்றது. எழுந்து போய் இயக்குநரிடம் பேசினான். திரும்பி வந்து, "அக்காவக் கூட்டிட்டு வாங்க. ஆனா நாளைலருந்து கம்பு வேற ஆளு பிடிக்கட்டும் அண்ணாச்சி," என்றான்.

அதைக் கேட்டுக்கொண்டே பெலிக்ஸ் ஓடினார். பஸ் வந்து நின்றிருந்தது. மீனா ஒரு கால் படியில் வைத்திருந்தாள். அவர் கையைக் காட்டி மூச்சிரைக்க வந்து நின்றதும் காலை எடுத்தாள். பஸ் போய்விட்டது.

"ஒன்னையக் கூப்பிடுதாவ. அந்தச் சத்தம் என்னதும்மா."

"தெரியும் அண்ணாச்சி. பக்கத்துலதான நின்னேன்."

"பெறவு ஏம்மா சொல்லல?"

"காலைல ஏழு இட்லி தின்னுட்டு வந்தேன். சொன்னா யாரு நம்புவா? என்னயப் பாத்ததுமே பட்டினின்னு முடிவு பண்ணிட்டாவள்லா."

பெலிக்ஸுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.