பாதி சொன்ன பிரெஞ்சு

அவள் வாயைத் திறந்தால் கிடங்கின் சங்கே தோற்றுப்போகும். அதனால் ‘சங்கு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. பதினொரு வருடம் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிச் சலித்தவள், கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கை நன்றாகத்தான் ஓடியது, வாய்தான் தகராறு. பிழைக்க வந்த வெளிநாடு; கீழே நிற்பவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம்தான் புரியும், மீதிப் பேருக்கு பிரெஞ்சுதான். சரக்கு ஆடினால் இரண்டிலும் கத்தி எச்சரிக்க வேண்டும். பரீட்சையில் அது தவறினால் மறுபடியும் டேப்தான்.

ஆங்கிலத்தில் ‘வாட்ச் அவுட்’. அதில் ஒரு வம்பும் இல்லை. பிரெஞ்சில் ‘அத்தான்சியோன்’. வந்ததே வினை!

அவள் புருஷன் அத்தை மகன். பாவாடை கட்டிய வயதிலிருந்தே அத்தான். அதே கிடங்கில் சரக்கைக் கிரேன் கொக்கியில் மாட்டுகிற வேலை. நாலு நாளைக்கு முன், கேன்டீனில் பத்துப் பேர் நடுவே, “இவளுக்குக் கிரேன் எதுக்குப்பா? கத்தினாலே பெட்டி தானா எழும்புமே!” என்று சிரித்துத் தொலைத்தார். அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. “இனிமே அந்த மனுஷனை அத்தான்னு கூப்பிட்டா என் பேரை மாத்திக்கிறேன்” என்று சபதம் போட்டாள். ரோஷக்காரி, பிரெஞ்சிலும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுப்படியில் முன்பாதியை முழுங்கிவிட்டு “சியோன், சியோன்” என்றே பழகினாள்.

“யாரது சியோன்?” என்று கூடத்திலிருந்து புருஷன் குரல் வந்தது.

பரீட்சை நாள். பாதுகாப்பு அதிகாரியம்மா நோட்டோடு நின்றார். தமிழும் சேர்த்து மூன்று மொழியும் தெரிந்தவர். மேடையில் சங்கு, கையில் கிரேனை இயக்கும் பொத்தான் பெட்டி. கீழே புருஷன். வீட்டுக் கோபத்தில் சரக்கைக் கட்டித் தூக்கும் பட்டையை அரைகுறையாக மாட்டியிருந்தார் அந்தப் புண்ணியவான். சரக்குப் பெட்டி அவர் தலைக்கு மேலே போனதும் சரிந்தது.

“வாட்ச் அவுட்!”

அவர் திரும்பவே இல்லை. பரீட்சைக்கு ஒப்பிக்கிறாள் என்று நினைத்தாராம். பட்டை இன்னும் நழுவியது.

“அத்தாஆஆன்…!”

மீதிச் சொல் வரவே இல்லை. நாலு நாளாக அந்தச் சொல்லுக்கு ஏங்கிக் கிடந்த மனிதர் “என்னம்மா?” என்று மேடையை நோக்கி ஓடி வந்தார். அவர் நின்ற இடத்தில் பெட்டி விழுந்து சில்லு சில்லாகச் சிதறியது.

அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார்.

“பட்டையைச் சரியா மாட்டாதது இவ தப்பில்ல. உச்சரிப்பு பிரமாதம். சொல்லு பாதிதான் வந்துச்சு, ஆனா ஆளு முழுசா இருக்காரு. பாஸ்.”

புருஷன் மேடையேறி அவள் பக்கத்தில் வந்தார். “என்னைத்தானே கூப்பிட்ட?” என்றார்.

“ஆசையைப் பாரு. அது பிரெஞ்சு” என்றாள் சங்கு. அவர் சட்டையைப் பிடித்த கையை மட்டும் விடவில்லை.

“அப்போ மிச்சத்தையும் சொல்லேன்.”

“சியோன்” என்றாள், அழுதுகொண்டே.