கீச்சுப் பெட்டிக்கு அனுமதி

பாதுகாப்புத் துறைக் குடியிருப்பில் அலைபரப்பும் கருவி எதையும் முன் அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் எட்டாம் வகுப்புப் படிக்கையில் லோஹேகாவ் குடியிருப்பு வீட்டில் நான் செய்த பெட்டி எதையும் பரப்பவில்லை, கீச்சிட்டது, அவ்வளவுதான். பணிக்காலம் முழுவதும் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இன்று இதைச் சொல்ல முடிகிறது. அன்று வாயைத் திறக்க முடியவில்லை.

பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காகச் செய்தது. ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் வாங்கிய இரண்டு டிரான்சிஸ்டர், பழைய ரேடியோவின் ஸ்பீக்கர், சுருதியை ஏற்றி இறக்க ஒரு குமிழ். முதல் நாள் பேச்சு மூச்சில்லை. ஒரு டிரான்சிஸ்டரின் கால்களை மாற்றிப் பற்றவைத்திருந்தேன். திருத்தியதும் தவளைபோலக் கத்தியது. குமிழைத் திருகத் திருகக் கொசுவாகி, பிறகு ஊசியாகிக் காதைக் குத்தியது.

அப்பா விமானப்படைத் தளத்தில் எஞ்சின்களை ஓடவிட்டுச் சோதிப்பவர். வேலை முடிந்து வந்தவர் முன்னால் பெருமையாகக் குமிழைத் திருகினேன். தவளைக்குச் சிரித்தார். ஊசிக்கு வந்ததும், "என்னட்டி, நின்னுட்டு?" என்றார்.

"நிக்கலப்பா, கத்துதே!"

"நின்னுட்டாமா! மண்டையத் தொளைக்கி," என்று அம்மா காதைப் பொத்தினாள். அடுத்த வீட்டு மராத்தி அத்தை ஜன்னலிலிருந்து, "அரே, பந்த் கரோ பாபா!" என்று நிறுத்தச் சொல்லிக் கூவினாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மெல்லக் கையை இறக்கினாள்.

"அடுத்த மாசந்தான உங்களுக்கு மெடிக்கல் டெஸ்ட்டு?" என்றாள்.

அப்பா என் பக்கம் திரும்பி, மேலே சொன்ன விதியை வரி பிசகாமல் ஒப்பித்தார். முறைப்படி விண்ணப்பம் போகும். பதில் வரும்வரை பெட்டி பீரோவில் இருக்கும். இதைப் பற்றி வெளியே ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது. பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

கண்காட்சியில் நான் மலேரியாக் கொசுவின் படத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அது கீச்சிடவில்லை.

மெடிக்கல் முடிந்த கையோடு அப்பாவை எஞ்சின் பக்கமிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் உட்காரவைத்தார்கள். அன்று மாலை வந்ததும் பீரோவைத் திறந்து பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"அனுமதி வந்துட்டாப்பா?"

"இனிமே எதுக்குட்டி? போடு, பாப்போம்."

காலியான சாலையிலும் சைக்கிளில் கைகாட்டித் திரும்புகிற மனிதர் விதியை மீறிவிட்டார். கடைசியில் நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். குமிழைக் கடைசிவரை திருகினேன். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை; என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ கத்துதா?"

"ஆமாப்பா, நல்லா கத்துது!"

"அப்போ சரியாத்தான் செஞ்சிருக்க," என்றார்.

மேற்படி கருவிக்கு மேற்படி விதி பொருந்தாது என்று பதில் வந்தது, அதற்கு அடுத்த திங்கட்கிழமை.