துணைக்கு ஆள் கேட்டேன்

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரி நான், பெயர் எஸ்தர். என் கஷ்டத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஐம்பத்தோரு வயதுவரை நான் தனியாக பஸ் ஏறியதே இல்லை. கூட்டிப்போக வீட்டுக்காரர் இருந்தார், நல்ல மனுஷர். அவரைக் கர்த்தர் எடுத்துக்கொண்ட பிறகு கொழுந்தன் வந்தார். நானும் பொட்டலம் மாதிரி கூடவே போவேன்.

போன தை மாதம், ஒரு புதன்கிழமை காலை, மயிலாடுதுறையிலிருந்து என் மகள் ஜான்சி போன் செய்தாள். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. மருமகன் சிங்கப்பூரில். பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். "பயமா இருக்கும்மா, சீக்கிரம் வா" என்று அழுதாள்.

கொழுந்தனுக்குப் போன் போட்டேன். "அண்ணி, அறுப்பு மெஷின் இப்பதான் வயல்ல எறங்கிருக்கு. விட்டா நாலு நாளைக்குக் கெடைக்காது. சாயங்காலம் போவோம்" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நெல் சாய்ந்து கிடந்தது.

மனசு கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்று ஜெபித்தேன். "கர்த்தாவே, துணைக்குத் தெரிந்த ஆள் ஒருத்தரை அனுப்பும்." ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது. ஒருத்தரும் வரவில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. 'இவ்வளவுதானா நீர்?' என்று கேட்டே விட்டேன். மூன்றாவது பஸ்ஸில் அழுதுகொண்டே ஏறினேன்.

கண்டக்டர் டிக்கெட் கேட்டார். "பின்னாடி எடுப்பாங்க" என்றேன்! எத்தனை வருஷப் பழக்கம். நாங்கள் பெண்கள் முன்னால் உட்காருவோம், வீட்டுக்காரர் பின்னால் நின்று இரண்டு பேருக்கும் எடுப்பார். கண்டக்டர் பின்னால் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"யாரும் எடுக்கலையேம்மா. யாரு வந்திருக்கா உங்ககூட?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மானம் போயிற்று. ஆனால் வாய் தானாகச் சொன்னது: "யாரும் வரலீங்க. நான்தான் வந்திருக்கேன். மன்னார்குடி ஒண்ணு குடுங்க."

அந்த வார்த்தையை என் வாயில் வைத்தது யார்? சொன்ன நிமிஷமே படபடப்பு அடங்கிவிட்டது. மன்னார்குடியில் விசாரித்தேன். திருவாரூரில் தப்பான பஸ்ஸில் ஏறி இறங்கினேன். பயம் மட்டும் வரவில்லை. மதியம் மகளின் கட்டிலருகே நின்றேன்.

"யாரும்மா கூட்டிட்டு வந்தது?"

"நானேதான்டி வந்தேன்."

"நெசமாவா?" அந்த வலியிலும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிரசவ அறைக்குள் கொண்டுபோகும்வரை என் கையை விடவில்லை. சாயங்காலத்துக்குள் பேத்தி பிறந்துவிட்டாள். குறைமாதப் பிள்ளைதான், இன்று கொழுகொழுவென்று தவழ்கிறாள். ஸ்தோத்திரம்.

இப்போது கொழுந்தன் என்னைக் கேலி செய்கிறார், "அண்ணி காலுல சக்கரம் கட்டிட்டாங்க" என்று. போன மாதம் ஒரு வேலையும் இல்லாமல் வேதாரண்யம் போனேன், கடல் பார்க்க. 'நேரமாச்சு, வா' என்று கூப்பிட ஆளில்லை. போதும் என்று எனக்கே தோன்றும்வரை நின்றேன். எனக்குக் கடல் இவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சகோதரிகளே, கேட்ட துணை வரவில்லையே என்று கர்த்தரைக் கோபித்துக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் ஏறுங்கள். என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் உங்களைப் பாதி வழியில் இறக்கிவிடமாட்டார்.