கடலிலிருந்து ஏறி வந்த இறால் குஞ்சு

இருந்தவர்கள்: நான். என் மனைவி செல்லம்மா. அவள் தங்கை ராசாத்தி, கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டவள். இறால் பண்ணைக்காரர். தாசில்தார். ஊர்ப் பெண்கள் பதினோரு பேர்.

நெல் வயலை வளைத்து இறால் குட்டை வெட்டிய வருஷங்கள் அவை. ஆட்சி மாறியும் பண்ணைகள் மாறவில்லை. தை அமாவாசைக்கு மறுநாள் காலை ஒன்பதுக்கு நன்னிலத்தில் பஸ் ஏறினோம். நாகூருக்கு ஆளுக்கு நான்கு ரூபாய். கையில் ராசாத்தி கேட்டிருந்த சாமான்: கொசுவலைத் துணியில் தைத்த பை, ஒரு வெள்ளைத் தட்டு.

"வலையோட எங்க, தர்காவுக்கா?" என்றார் கண்டக்டர்.

"இறால் பாக்க."

"மார்க்கெட்டுக்குப் போங்க. கூடை கூடையாக் கெடக்கும்."

நாகூரிலிருந்து மூன்று மைல் நடை. பன்னிரண்டுக்கு உப்பு வாய்க்கால். பண்ணைக்காரர் குறுக்கே அணை போட்டிருந்தார். நடுவில் பத்தடி பாக்கி. இது செத்த வாய்க்கால், கடலிலிருந்து எதுவும் ஏறுவதில்லை, மீதியையும் மூட விடுங்கள் என்று மனு கொடுத்திருந்தார். அந்தப் பத்தடியையும் மூடினால், ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்குப் பிழைப்பு இல்லை.

"நூறு குஞ்சாவது காட்டுங்க. அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன்" என்றார் மனுவை விசாரிக்க வந்திருந்த தாசில்தார்.

இரண்டு மணி. பையை நான் கட்டினேன். மதகில் மீன் பிடித்தே பழக்கம். தண்ணீர் வருகிற மேற்கைப் பார்த்து வாயை வைத்தேன். மூன்றுக்குத் தூக்கினால் சருகும் ஒரு நண்டும்.

பண்ணைக்காரர் சிரித்தார். "சார், நண்டையும் சேத்து எண்ணிக்குங்க."

அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்த ராசாத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்ன மாமா, ஒங்க வயக்காட்டு வாய்க்கால்னு நெனச்சீங்களா? குஞ்சு கடல்ல பொறக்குது. தண்ணி வத்தையில அடியில ஒட்டிக்கும். ஏறையில மெதந்து உள்ள வரும். கெழக்கால திருப்புங்க."

மூன்றரைக்குத் தண்ணீர் நின்றது. பிறகு கடலிலிருந்து மேற்கே ஓடியது. எங்கள் ஊர்த் தண்ணீர் ஒருநாளும் அப்படித் திரும்பியதில்லை.

நாலரைக்கு ராசாத்தி பையைத் தட்டில் கவிழ்த்தாள்.

"வெறும் தண்ணிதானே" என்றார் பண்ணைக்காரர்.

"கண்ணாடி ஒடம்பு, தெரியாது. கண்ண மட்டும் பாருங்க சார்."

தாசில்தார் குனிந்தார். ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளிகள், இரண்டிரண்டாகத் துள்ளின. கரண்டியால் மொண்டு மொண்டு எண்ணினார். ஐம்பதில் பண்ணைக்காரர் வெற்றிலையைத் துப்பினார். நூறில் பைக்கைக் கிளப்பினார். செல்லம்மா நடவு வயலில் போடுகிற குலவையைப் போட்டாள். பதினோரு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"செத்த சும்மா இருங்கம்மா, எண்ணிக்கை தப்பிடும்" என்றார் தாசில்தார். நூறோடு அவர் நிறுத்தவில்லை. தட்டு காலியாகும்வரை எண்ணினார்.

பிறகு அணையை வெட்டச் சொன்னார். மண்வெட்டி எனக்குப் புதிதல்ல. ஆளாளுக்கு இறங்கினோம். இருட்டுவதற்குள் அணை போய்விட்டது. குஞ்சுகளை உள்பக்கம் விட்டோம்.

தாசில்தார் மகஜரில் எழுதியது: நானூற்றுப் பன்னிரண்டு.